லாக் அடிக்குது எண்டு சொல்ல முதல்



போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு வென்ட்வர்த்வில்லில் எங்கள் வீட்டில் ஒரு சின்னச் சண்டை நடந்தது. காரணம் 'சுழல்'. 2022இல் வந்தபோதே நான் பார்த்த தொடர்தான். அம்மா இன்னும் பார்க்கவில்லை என்று சொன்னதால் திரும்பவும் போட்டேன். இரவு வேலைக்குப் போக இரண்டு மணித்தியாலம் இருக்கு என்று மச்சாளும் வந்து இருந்தா. காணாமற்போன பிள்ளையின் குடும்பத்தைக் காட்டும் ஓர் இடத்தில் மச்சாள் றிமோட்டை எடுத்தா.

"சரியான லாக்கடி. பத்து பத்து வினாடியாத் தள்ளு. ஆர் செய்தது எண்டு சொன்னால் நான் வேலைக்குப் போயிடுவன்."

அம்மா றிமோட்டைப் பறிச்சா. "பிள்ளையைத் துலைச்சுப்போட்டு இருக்குதுகள். கொஞ்ச நேரம் இருந்து அழட்டும் விடு."

இந்தச் சண்டை எங்கள் வீட்டில் மட்டும் நடக்கிறதில்லை. தமிழில் குற்றத்தொடர் ஒன்று வந்தால், முதல் வாரமே இரண்டு கட்சி. ஒரு பக்கம்: "கதை நகரவே இல்லை, இன்ஸ்பெக்டர் வீட்டில சாப்பிடுறதை ஏன் எனக்குக் காட்டுறாங்கள்?" மற்றப் பக்கம்: "அதுதானே கதை, உங்களுக்குப் பொறுமை இல்லை."

நான் அந்த இரவு அம்மாவின் பக்கம். ஆனால் மச்சாளின் கட்சியையும் லேசில் தள்ளிவிட ஏலாது.

மச்சாள் முதியோர் இல்லம் ஒன்றில் இரவு வேலை செய்கிறா. அவவுக்குச் சொந்தமான நேரம் என்பது ஒரு நாளில் அந்த இரண்டு மணித்தியாலம்தான். அதை ஆர் எப்படிச் செலவழிக்கிறது என்று கேட்க அவவுக்கு எல்லா உரிமையும் இருக்கு. பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு "உங்களுக்கு ரசனை இல்லை" என்று நான் அவவுக்குச் சொன்னால் அது வெறும் திமிர். அதைவிட, மெதுவாகப் போறதெல்லாம் ஆழமானது என்றும் இல்லை. இரண்டரை மணித்தியாலப் படத்துக்குப் போதுமான கதையை எட்டுப் பகுதியாக இழுத்து வைக்கிற வேலை நிறைய நடக்குது. அம்மா பார்க்கிற நாடகங்களில் ஒரு அறை விழுந்தால் வீட்டில் உள்ள அத்தனை பேரின் முகத்தையும் மூன்று தரம் காட்டுவார்கள். அந்த மெதுவுக்கு இருக்கிற ஒரே நோக்கம் எங்களை அடுத்த விளம்பரம் மட்டும் இருத்தி வைக்கிறது.

அதனால் 'மெதுவா, வேகமா' என்ற கேள்வியில் நின்று சண்டைபிடித்துப் பிரயோசனமில்லை. என்னிடம் வேறொரு கேள்வி இருக்கு: அந்த மெதுவான நிமிடங்கள் ஆருக்குக் கிடைக்குது?

2022இல் மட்டும் பேசப்பட்ட மூன்று தமிழ்க் குற்றத்தொடர்கள் வந்தன. பெப்ரவரியில் 'விலங்கு', யூனில் 'சுழல்', டிசம்பரில் 'வதந்தி'. மூன்றையும் இந்தக் கேள்வியோடு திரும்பப் பாருங்கோ.

பிரசாந்த் பாண்டியராஜின் 'விலங்கு' ஒரு சின்னப் பொலிஸ் நிலையத்தின் அன்றாடத்தை அவ்வளவு நிதானமாகக் காட்டுது. சப் இன்ஸ்பெக்டருக்கு வீட்டில் கர்ப்பிணி மனைவி, தொலைபேசி அழைப்புகள், மேலதிகாரிகளின் ஏச்சு. விமல் நடித்த அந்த மனிதரின் களைப்பு எங்களுக்கு நல்லா விளங்குது. அதே நிலையத்துக்குள் அடி உதையும் வழமையான அலுவல்போல நடக்குது. அடிக்கிறவரின் வீட்டுக் கவலை எங்களுக்குத் தெரியும். அடி வாங்குகிறவர்களின் வீடு எங்கே இருக்கு என்று தெரியாது. ஒரு மனிதரோடு நெடுநேரம் இருந்தால் அவரின் கைக்கும் நாங்கள் நியாயம் தேடத் தொடங்குவம். இது நாடகக்கலை செய்யிற வேலை. எழுதியவர் நினைத்துச் செய்தாரோ இல்லையோ, அது நடக்கும்.

ஆண்ட்ரூ லூயிஸின் 'வதந்தி' இன்னும் சிக்கலானது. கன்னியாகுமரிப் பக்கம் வெலோனி என்ற ஆங்கிலோ இந்தியப் பெண் கொல்லப்படுகிறாள். உடலைக் கண்டவுடன் முதலில் அவளை ஒரு சினிமா நடிகை என்றே பிழையாக நினைக்கிறார்கள். அதுக்குப் பிறகு பத்திரிகைகளும் ஊரும் ஆளுக்கொரு வெலோனியை உருவாக்குது. எஸ்.ஜே. சூர்யாவின் சப் இன்ஸ்பெக்டர் விவேக் அவளின் கதைக்குள்ளேயே அமிழ்ந்துபோகிறார், அவரின் குடும்ப வாழ்க்கையும் ஆட்டம் காணுது. பலருக்கு லாக் அடித்தது இந்த இடங்களில்தான். எனக்கும் சில இடங்களில் அடித்தது. ஆனால் யோசித்துப் பாருங்கோ: செத்த பெண்ணைப் பற்றி ஊர் அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்ததுதான் அந்தத் தொடரின் குற்றச்சாட்டே. அதைப் பார்த்துக்கொண்டு "கெதியா முடிவுக்கு வா" என்று நாங்கள் அவசரப்பட்டால், நாங்கள் ஆற்றை பக்கம்? என் விமர்சனம் வேறு. அந்த நீண்ட நேரத்தில் பெரும்பங்கு அவளைத் தேடுகிற ஆணின் மனதுக்குப் போகுது. வெலோனியை நாங்கள் கடைசி மட்டும் மற்றவர்களின் வாயாலேயே அதிகம் சந்திக்கிறோம்.

புஷ்கர், காயத்ரி எழுதிய 'சுழல்', எங்கள் வீட்டில் சண்டையைக் கிளப்பிய தொடர், இந்த மூன்றிலும் கொஞ்சம் முன்னுக்கு நிற்குது. பார்த்திபன் நடிக்கும் சண்முகம் சீமெந்துத் தொழிற்சாலைத் தொழிற்சங்கத் தலைவர். வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளருக்கு எதிராக நிர்வாகத்தின் பக்கம் நிற்பவர் இன்ஸ்பெக்டர் ரெஜினா. பிறகு இருவரும் பிள்ளைகளைத் தேடுகிற பெற்றோராக ஒரே பக்கம் வருகிறார்கள். அம்மா நிறுத்தி வைத்துப் பார்க்கச் சொன்ன நிமிடங்கள் இவர்களுடையவை. பொலிஸ்காரருக்கு மட்டுமில்லாமல் இழந்தவர்களுக்கும் நேரம் கொடுக்கிற தொடர் இது. ஆனாலும் ஒன்று கவனியுங்கோ. துக்கம் மெதுவாக வளர வளர, வேலைநிறுத்தம் பின்னுக்குப் போகுது. அந்தத் தொழிலாளரின் அடுப்பு எப்படி எரிந்தது என்று பார்க்க எட்டுப் பகுதியிலும் நேரம் கிடைக்கவில்லை. (கொலையாளி ஆர் எண்டு சொல்ல மாட்டன். மச்சாள் இன்னும் முடிக்கேல்லை.)

இதெல்லாம் வெறும் கதைதானே என்று கேட்பீர்கள். இந்தத் தொடர்கள் வருவதற்கு இரண்டு வருடம் முதல், 2020 யூனில், சாத்தான்குளத்தில் கைபேசிக் கடை வைத்திருந்த ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. ஊரடங்கு நேரத்துக்குப் பிறகும் கடை திறந்திருந்தது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. காவலில் நடந்த சித்திரவதைக்குப் பிறகு அடுத்தடுத்து இருவரும் இறந்தார்கள். தமிழ்நாட்டில் எல்லாருக்கும் அந்த இரண்டு பேர்களும் தெரியும். ஆனாலும் எங்கள் திரையில் காவல்நிலையத்தை உள்ளே போய்ப் பார்க்கும் கண் இன்னும் பெரும்பாலும் காக்கிச் சட்டைக்காரரின் கண்தான்.

வேறு மாதிரிச் செய்ய ஏலும் என்றதுக்கு அத்தாட்சி வெற்றிமாறனின் 'விசாரணை'. தான் அனுபவித்ததை வைத்து மு. சந்திரகுமார் எழுதிய 'லாக்கப்' நாவலிலிருந்து வந்த படம். குண்டூருக்கு வேலைக்குப் போன தமிழ்த் தொழிலாளர்கள் பூங்காவில் படுத்து எழும்புகிறதில் தொடங்குது. பொலிஸ் அவர்களைத் தூக்கும் முன்னமே அவர்கள் எங்களுக்குத் தெரிந்த ஆட்கள் ஆகிவிடுகிறார்கள். அதனால் பிறகு விழுகிற ஒவ்வொரு அடியும் ஆருக்கு விழுகுது என்று எங்களுக்குத் தெரியும்.

இப்ப நாங்கள் இருக்கிற நாட்டுக்கு வாறன். ஏபிசியில் 2018இல் வந்த 'மிஸ்டரி ரோட்' முதல் தொடரை ரேச்சல் பெர்கின்ஸ் இயக்கினா. ஆரன் பெடர்சன் நடிக்கும் ஜே ஸ்வான் ஒரு பூர்வகுடித் துப்பறிவாளர். வகுப்பில் ஒருத்தர் சொன்னார்: "அந்த ஆள் வெளியைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார், ஒன்றும் நடக்குதில்லை." அவர் பார்த்துக்கொண்டு நிற்கிறது பறிக்கப்பட்ட நிலத்தை. காணாமற்போன இரண்டு இளைஞர்களைத் தேடும் விசாரணையை அந்த நிலத்தின் கதையிலிருந்து பிரிக்க ஏலாது.

இதை நான் ரசனைக்காகச் சொல்லவில்லை. இந்த நாட்டிலேயே இதுக்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கு. காவலில் நடந்த பூர்வகுடி மரணங்களை விசாரிக்க 1987இல் ஒரு அரச ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 99 மரணங்களை அது ஆராய்ந்தது. அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்பதோடு நிற்காமல் எப்படி வாழ்ந்தார்கள் என்றும் பார்த்தது. அப்படிப் பார்த்ததால்தான் ஒரு விசயம் வெளியில் வந்தது: அந்த 99 பேரில் 43 பேர், பிள்ளைகளாக இருந்தபோதே அரசாலும் மிஷன்களாலும் வேறு நிறுவனங்களாலும் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டவர்கள். கடைசி இரவை மட்டும் விசாரித்திருந்தால் இந்த எண் கிடைத்திருக்காது. ஒருவரின் சிறுவயதுக்குள் போய் நேரம் செலவழித்தபோதுதான் குற்றவாளியின் உருவமே மாறுது, சிறை வாசலுக்கும் அங்கால் போகுது. 1991இல் 339 பரிந்துரைகளோடு அறிக்கை வந்தது. அதுக்குப் பிறகும் 500க்கும் மேற்பட்ட பூர்வகுடி மக்கள் காவலில் இறந்துவிட்டார்கள்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்ல எனக்கு வெட்கம். ஆனால் இந்தக் கட்டுரையை நான் எழுதத் தொடங்கினதே இதாலதான்.

'ஃபாஸ்ட் ட்ராக்' என்ற சொல்லை எங்களில் அநேகம் பேர் கேட்டிருப்பீர்கள். 2012 ஓகஸ்டு 13 தொடக்கம் 2014 ஜனவரி 1 மட்டும் படகில் வந்தவர்களுக்காக 2014இல் சட்டமாக்கப்பட்ட புகலிட நடைமுறை. மறுக்கப்பட்டவர்களின் மேல்முறையீட்டைப் பார்த்த அமைப்பு பெரும்பாலும் ஆளை நேரில் கூப்பிடாமல் கோப்பைப் படித்தே முடிவு செய்தது. புதிதாக ஒன்றைச் சொல்ல, விதிவிலக்கான சூழ்நிலையில்தான் இடம். பெயரில்தான் வேகம். அந்தக் கோப்புகளுக்குரிய மனிதர்கள் பத்து வருடத்துக்கும் மேல் காத்திருக்கிறார்கள், எங்கள் தமிழ் ஆட்கள் நிறையப் பேர் அதுக்குள்ளே. 2023இல் தற்காலிக விசா வைத்திருந்தவர்களுக்கு நிரந்தர வழி திறந்தபோதும், மறுக்கப்பட்ட இவர்கள் வெளியிலேயே விடப்பட்டார்கள். மெல்பேர்ண் டொக்லண்ட்ஸில் 2024 யூலையில் கூடாரம் அடித்து இருந்தவர்களோடு போய் இருந்த தோழர்களுக்கு இது தெரியும்.

அப்படி மறுக்கப்பட்ட ஓர் அண்ணாவுக்கு அமைச்சருக்கு அனுப்பும் விண்ணப்பத்துக்காக நான் வாக்குமூலம் எழுதி உதவினேன். (ஆளைத் தெரியாமல் இருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவர் தன்ர சைக்கிள் கடையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். எந்தச் சந்தியில் இருந்தது, ஆர் ஆர் வருவினம், ஒட்டுப்போடக் காசில்லாத பெடியளுக்குக் கடன் கொப்பியில் எழுதி வைக்கிறது. எனக்கு அடுத்த நாள் ஒரு கட்டுரை முடிக்க இருந்தது. இருபது நிமிடத்துக்குப் பிறகு நான் சொன்னேன்: "அண்ணா, நடந்த விசயத்துக்கு வாங்கோ."

அவர் உடனே வந்தார். பழகிப்போன ஆள். ஆமி வந்தது, கூட்டிக்கொண்டு போனது, அடித்தது. திகதிகளோடு ஒன்றரைப் பக்கம்.

இரண்டு கிழமை கழித்து வழக்கறிஞர் கேட்டா, "அவையள் ஏன் இவரைத் தேடி வந்தவை? அதுக்கு இதில ஒன்றும் இல்லையே?" திரும்பப் போய் அண்ணாவிடம் கேட்டேன். "கொப்பிதான் பிள்ளை," என்றார். "கடன் கொப்பியில பெடியளின்ர பேர் இருந்தது. நான் அண்டைக்குச் சொல்ல வெளிக்கிட்டனான்."

நான் றிமோட்டை அமத்தியிருந்தேன். தள்ளிவிட்ட அந்த இடத்துக்குள்தான் காரணம் இருந்தது.

அதனால் தொடர் பார்த்துவிட்டு லாக் என்று சொல்லுங்கோ, தாராளமாகச் சொல்லுங்கோ. மச்சாளுக்கு நான் இனித் தடை சொல்லமாட்டன். ஆனால் சொல்ல முதல் ஒருக்கா எண்ணிப் பாருங்கோ, அந்த நிமிடம் ஆருக்குக் கொடுக்கப்பட்டது என்று. அதிகாரத்தில் உள்ளவரின் களைப்புக்கு என்றால் சண்டை பிடிப்பம். அடி வாங்கினவரின் வீட்டுக்கு என்றால் கொஞ்சம் பொறுத்திருப்பம். அடுத்த முறை வாக்குமூலம் எழுதப் போகிறவர்கள் ஒரு மணித்தியாலம் கூடவே ஒதுக்கிக்கொண்டு போங்கோ. மாலையில் படிப்பு, வேலை என்றால் இன்னொரு தோழரிடம் பாரம் கொடுங்கோ, ஆளை அவசரப்படுத்தாதையுங்கோ.

அண்ணாவின் விண்ணப்பத்தைத் திருத்தி எழுதினோம். கடை இப்ப முதல் பக்கத்தில் இருக்கு. பதில் இன்னும் வரவில்லை.

தோழமையுடன்,
சிட்னியிலிருந்து ஒரு தோழி