ரோட்டர்டாமும் போரூர் ஏரியும்

போன வாரம் காலை நடையின்போது நண்பர் ஒருவர் கேட்டார்: "சார், நம்ம சென்னை மாநகராட்சி லண்டன், பாரீஸ் எல்லாத்தோடயும் சேர்ந்து பருவநிலை மாற்றத்துக்குத் திட்டம் போட்டிருக்காமே. அதுல நமக்கு என்ன வரும்?" அப்போது நாங்கள் நின்றிருந்தது போரூர் ஏரிக்குப் பக்கத்தில். அந்த இடத்தில் அந்தக் கேள்விக்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததைத்தான் எழுதுகிறேன்.

நகரங்கள் கைகோப்பது புதிதல்ல. 1966-லேயே மதராஸும் சோவியத் ரஷ்யாவின் வோல்கோகிராடும் சகோதர நகரங்கள். 1984-ல் அமெரிக்காவின் டென்வர், 2008-ல் சான் ஆண்டோனியோ. அதெல்லாம் பெரும்பாலும் மாலை, பொன்னாடை, கைகுலுக்கல். சி-40 அப்படிப்பட்டதல்ல. 2005-ல் லண்டன் மேயராக இருந்த கென் லிவிங்ஸ்டன் 18 பெருநகரங்களைக் கூட்டித் தொடங்கியது அது. இன்று ஏறக்குறைய நூறு நகரங்கள் அதில் இருக்கின்றன, சென்னையும் ஒன்று. அவர்கள் உதவியோடுதான் 2023 ஜூனில் மாநகராட்சி தன் காலநிலை செயல் திட்டத்தை வெளியிட்டது. 2050-க்குள் நிகர கரிம உமிழ்வைப் பூஜ்யமாக்குவது அதன் இலக்கு. அந்த வருஷம் நான் இருக்க மாட்டேன், பேத்தி இருப்பாள்.

டச்சுக்காரர்கள் வந்ததும் நல்லதே. 2018-ல் நெதர்லாந்து அரசு தன் நீர்த் திட்டத்துக்கு ஆசியாவில் மூன்று நகரங்களைத் தேர்ந்தெடுத்தது: சென்னை, வங்கதேசத்தின் குல்னா, இந்தோனேசியாவின் செமராங். இங்கே அதற்கு 'ஆயிரம் குளங்களின் நகரம்' என்று பெயர் வைத்தார்கள். ரோட்டர்டாம் கட்டடக் கலைஞர்களும் நம்மூர்க்காரர்களும் சேர்ந்து, லிட்டில் ஃபிளவர் கான்வென்ட் பள்ளி வளாகத்தில் மழைநீரைச் சேமித்து, கழிவுநீரைச் செடிகளால் சுத்தம் செய்து நிலத்துக்குள் இறக்கிக் காட்டினார்கள். கடல் மட்டத்துக்குக் கீழே குடியிருக்கிறவர்களிடம் தண்ணீர் பற்றிக் கேட்டுக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. இந்தத் திட்டமெல்லாம் போரூரோடு நின்றுவிடுகிறது. 2011-ல் மாநகராட்சி விரிந்தபோது போரூர் உள்ளே போயிற்று. ஐயப்பன்தாங்கல் காஞ்சிபுரம் மாவட்டத்து ஊராட்சியாகவே நின்றது. மெட்ரோ தூண் வந்தது, அடுக்குமாடி வந்தது, பத்திரப்பதிவில் விலையும் மாநகர விலைதான். லண்டனோடு பேசும் மேஜையில் மட்டும் நமக்கு நாற்காலி இல்லை.

ஆனால் தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள். போரூர் ஏரியின் உபரி மணப்பாக்கம் கால்வாய் வழியாக அடையாற்றுக்குப் போக வேண்டும். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அடையாறே நிரம்பி ஓடும்போது கால்வாய்த் தண்ணீர் எங்கே போகும்? நின்ற இடத்திலேயே நிற்கும். எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் நின்றது. மாமியாருக்கு அப்போது 84 வயது. அவரைச் சாப்பாட்டு மேஜை மேல் உட்கார வைத்து, இரவு முழுக்க நானும் மனைவியும் விழித்திருந்தோம். மறுநாள் ஏணியைக் கொண்டுவந்து அவரை மாடிக்கு ஏற்றியது பக்கத்து வீட்டுப் பையன்கள்.

அடுத்த வருஷம் கால்வாயில் மண் எடுக்கச் சொல்லி மனு கொடுக்கப் போனோம். ஒரு அலுவலகத்தில் "இது எங்க லிமிட் இல்ல" என்றார்கள். அவர்கள் கைகாட்டிய இடத்திலும் அதே வாக்கியம்.

பஞ்சம் வந்தால் மட்டும் எல்லை மறந்துபோகும். 2017-லும் 2019-லும் நகரத்தில் குடிநீர் இல்லாதபோது, நமக்குப் பக்கத்திலுள்ள சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணீரைச் செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். கொடுத்ததில் வருத்தமில்லை, தாகத்துக்குத்தானே. கொடுக்கும்போது ஒரே ஊர், வடியும்போது வேறு ஊரா என்பதுதான் என் கேள்வி.

நம் முன்னோர் இதைச் செய்தவர்கள்தான். மேல் ஏரி நிரம்பினால் கலிங்கல் வழியாக வழிந்து கீழ் ஏரிக்குப் போகும். மதகைத் திறந்து மூட நீர்க்கட்டி ஒருவர் இருப்பார். மேல் ஊர்க்காரன் கலிங்கலில் மண்ணைப் போட்டு உயர்த்தினால் கீழ் ஊர்க்காரன் சண்டைக்கு வருவான், பஞ்சாயத்து நடக்கும், தீரும். ஊருக்கும் ஊருக்குமான ஒப்பந்தம் அது. அதற்கு ஆங்கிலத்தில் பெயர் வைக்கத்தான் யாரும் இல்லை.

2022-ல் மாவட்டந்தோறும் காலநிலை மாற்ற இயக்கம் என்று அரசு அமைத்து, கலெக்டர்களிடம் பொறுப்பைக் கொடுத்தது. சென்னை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் நான்கும் வருஷத்தில் ஒருமுறை, ஆகஸ்டிலாவது, ஒரே அறையில் உட்கார்ந்து அடையாற்றையும் அதில் வந்து விழும் கால்வாய்களையும் ஒரே வரைபடத்தில் பார்த்தால் என்ன? கீழ்க்கரை ஊராட்சித் தலைவர்களையும் கூப்பிடட்டும். தண்ணீர் எந்தச் சந்தில் முதலில் ஏறும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். ரோட்டர்டாம்காரர் வந்தாலும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். "எழுதிக் கொடுங்க சார், நான் டைப் அடிக்கிறேன்" என்றார். அடுத்த திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு இருவரும் காஞ்சிபுரம் போகிறோம். விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும். தெருவில் கையெழுத்துப் போட இன்னும் சிலர் பாக்கி. ஏரிப் பக்கத்து வாசகர்கள் யாராவது போட விரும்பினால் ஞாயிறு மாலைக்குள் சொல்லுங்கள்.