மழைக்கு முன் வரவேண்டிய பணம்

ராஜஸ்தான் மாநிலம் ஜாலாவார் மாவட்டத்தில், பிப்லோடி கிராமத்து அரசுப் பள்ளிக் கட்டடம் 2025 ஜூலை 25 அன்று இடிந்து விழுந்து ஏழு குழந்தைகள் மாண்டனர். அதன் பிறகே, நாடெங்கும் பள்ளிக் கட்டடங்களைச் சோதிக்கும்படி மத்திய கல்வி அமைச்சகம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் தீக்கு இரையான பிறகும் இவ்வாறே சோதனைகள் நடந்தன. பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையைச் சேர்ந்ததே என்று 2009-ல் சுப்ரீம் கோர்ட் தெளிவுபடுத்தியது. ஆயினும் உயிர் போன பிறகுதான் உத்தரவு பிறக்கிறது.

புதுக் கட்டடம் என்றால் அடிக்கல், திறப்பு விழா, பெயர் பொறித்த கல்வெட்டு எல்லாம் உண்டு. ஒழுகும் கூரையை அடைப்பதற்கு விழா இல்லை. கட்டுவதில் காட்டும் ஆர்வம் காப்பதில் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பராமரிப்புப் பணத்தைப் பங்கிடும் முறையிலும் கோளாறு உள்ளது. 'சமக்ர சிக்ஷா' திட்டத்தில் 2021-ல் திருத்தப்பட்ட விதிப்படி, 30 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் ரூ. 10 ஆயிரம், 100 பேர் வரை ரூ. 25 ஆயிரம், 250 பேர் வரை ரூ. 50 ஆயிரம். மின்கட்டணம், தண்ணீர், விளையாட்டுச் சாமான், கழிப்பறைச் சுத்தம், சிறு பழுது ஆகிய அனைத்தும் இந்தப் பணத்திலேயே நடக்க வேண்டும். தலையை எண்ணித் தருகிறார்களே தவிர, கட்டடத்தின் வயதைப் பார்ப்பதில்லை. கூரை ஒழுகினால் பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றுகிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் மானியமும் குறைகிறது. கூரை மேலும் ஒழுகுகிறது. முடிவில், 'மாணவர் இல்லை' என்று பள்ளியையே மூடுகிறார்கள். வெளி மாநிலங்களில் பிள்ளைகள் குறைந்துவரும் தமிழ் வழிப் பள்ளிகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

காலமும் முக்கியம். ஏப்ரலில் நிதியாண்டு தொடங்குகிறது. ஜூனில் மழை வந்துவிடுகிறது. பள்ளி மூடியிருக்கும் கோடை விடுமுறையே மராமத்துக்கு ஏற்ற சமயம். மத்திய அரசின் பங்கும் மாநிலத்தின் பங்கும் தவணை தவணையாக வந்து, மழை ஓய்ந்த பிறகு கிடைத்தால் யாருக்கு என்ன பயன்? மராமத்துக்கெனத் தனி நிதி வேண்டும். அதைக் கட்டடத்தின் வயதையும் பரப்பையும் கொண்டு கணக்கிட்டு, மே மாதத்திற்குள் தந்துவிட வேண்டும். ஆபத்தான வகுப்பறையைப் பூட்டி, பிள்ளைகளுக்கு மாற்று இடம் தரும் பொறுப்பையும் ஓர் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும்.

பெற்றோருக்கும் கடமை உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவின்படி அமையும் பள்ளி நிர்வாகக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோரே. மானியம் எப்படிச் செலவாகிறது என்று கவனிக்கும் அதிகாரம் அக்குழுவுக்கு இருக்கிறது. அது தயாரிக்கும் வளர்ச்சித் திட்டமே அரசு மானியத்துக்கு அடிப்படை என்கிறது 22-வது பிரிவு. பிழைப்புக்காக வந்தவர்கள், கூட்டம் மராத்தியிலோ கன்னடத்திலோ இந்தியிலோ நடக்கிறதென்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற கவலை வேறு. அவர்கள் பிள்ளையும் அந்தக் கூரையின் கீழ்தான் உட்காருகிறது. கூட்டத்துக்குப் போய், கூரைக்கு என்ன செலவாயிற்று என்று கேட்பதற்குப் பெரிய மொழியறிவு தேவையில்லை. அந்தக் கேள்வியை மழைக்கு முன் கேட்க வேண்டும்.