‘மிருகம்’ என்று வையும் முன்

குடிக்கு அடிமையானவனையும் போசனப்பிரியனையும் கண்டிக்கையில், “மிருகத்தைப்போல் வாழ்கிறான்” என்று மறையுரைகளில் எளிதாகக் கூறிவிடுகிறோம். இச்சொல் விலங்குக்கும் அநீதி, மனிதனுக்கும் அநீதி.

நம் திருக்கழுக்குன்றத்து வேதகிரி மலைமேல் நண்பகல்தோறும் இரு கழுகுகள் வந்ததை நம் தலைமுறையினர் கண்டிருக்கிறோம். 1990களுக்குப் பின் அவை வருவதில்லை. வந்த நாள்களிலோ, கோவிலார் இட்ட அமுதை உண்டன. உண்டதும் பறந்து சென்றன. பெருந்தீனிக்கு அவையா உவமை?

உண்ணத் தூண்டுவது வயிறு மட்டுமன்று. 1951இல் இந்திய அறிஞர் பி. கே. ஆனந்த், யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் பிராபெக்குடன் எலிகளை ஆராய்ந்தார். மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமசின் பக்கப் பகுதியை இருபுறமும் சிதைத்தபோது, உணவு எதிரே இருந்தும் அவை உண்ணாமல் மடிந்தன. 1954இல் ஓல்ட்சும் மில்னரும் எலியின் மூளையில் மின்கம்பி பொருத்தினர். மின்தூண்டலை நாடி அது நெம்புகோலை ஓயாது அழுத்தியது. இன்பத்தின் இருப்பிடம் இதுவே எனப் பலர் எண்ணினர். பின்னர் கென்ட் பெரிட்ஜ் வேறொன்றைக் காட்டினார்: டோபமின் குன்றிய எலி உணவைத் தேடாது, ஆனால் நாவில் இனிப்பை வைத்தால் முன்போலவே சுவைக்கும். அதாவது, வேட்கை வேறு; இன்பம் வேறு.

ஆகவே குடிநோயாளி இன்பத்தில் திளைக்கிறான் என்பது பிழை. இன்பம் தேய்ந்த பின்னும் வேட்கை அவனை இழுக்கிறது. விரும்பாததையே செய்கிறேன் என்று புனித பவுலடியார் உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் ஏழாம் அதிகாரத்தில் புலம்பியது இவனுக்கும் பொருந்தாதா?

“அப்படியானால் பாவமே இல்லையா?” என்று கேட்பர். உண்டு, எல்லாம் மூளையின் செயல் என்று நாம் கைகழுவவில்லை. ஆனால் பழக்கமும் கட்டுமீறிய பற்றும் ஒருவனது பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலே (எண் 1735) கற்பிக்கிறது. குறைந்த அப்பொறுப்பில் நமக்குப் பங்கில்லையா? நெம்புகோலை அவன் கைக்கெட்டும் இடத்தில் வைத்தவர் யார்? 2003 முதல் தமிழக அரசே மதுவைச் சில்லறையில் விற்கிறது. விற்பவரைக் குறித்து வாய் திறவாத நாம், வீழ்ந்தவனை மட்டும் வைகிறோம்.

அவனுக்குத் தேவை வசைமொழியன்று. சிகிச்சைக்கு உடன் வரும் ஒரு துணை. கழுகு போதுமென்று பறந்தது. பறக்க இயலாதவனைத் தூக்கிவிடுவதே மேய்ப்புப்பணி.