வீடு தேடி வரும் சுகாதாரத் தன்னார்வலர்: பயிற்சி, மேற்பார்வை, உங்கள் பங்கு

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதையும் பெற்றது. ஆனால், தோவாளையிலோ அகஸ்தீஸ்வரத்திலோ முதிய பெற்றோரைக் கவனித்துவரும் உங்களுக்கு எழும் கேள்வி வேறு: வீட்டிற்கு வரும் தன்னார்வலர் எடுக்கும் அளவீட்டை நம்பலாமா?

தன்னார்வலரின் பணி எது?

மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் பரிசோதித்தல், மருத்துவர் பரிந்துரைத்த மாத்திரைகளை வழங்குதல், தேவைப்படுவோரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புதல் ஆகியவை அவர்களது பணிகள். நோயை உறுதி செய்வதும் மருந்தின் அளவை மாற்றுவதும் மருத்துவரின் பொறுப்பு.

மேற்பார்வை ஏன் தேவை?

ஒருமுறை பெற்ற பயிற்சி நாளடைவில் தளரக்கூடும். பட்டையைச் சட்டைக் கைமீது சுற்றுவது, நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போதே அளவெடுப்பது போன்ற சிறு பிழைகளால் அளவு மாறிவிடும். கூடுதலாகப் பதிவானால் தேவையற்ற மருந்து சேரும். குறைவாகப் பதிவானால் பக்கவாத அபாயம் கவனிக்கப்படாமல் போகும்.

எத்தனை வீடுகளுக்குச் சென்றார் என்று எண்ணுவது மட்டும் மேற்பார்வை ஆகாது. செவிலியரோ மருத்துவ அலுவலரோ உடன் சென்று, அளவெடுக்கும் முறையைப் பார்த்து, பிழையை அங்கேயே திருத்த வேண்டும். கடிந்துகொண்டால் தன்னார்வலர் அடுத்த பிழையை மறைக்கவே முயல்வார். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பணியை நேரில் பார்ப்பதுடன் மக்களின் கருத்தைக் கேட்பதையும் மேற்பார்வையின் பகுதியாகவே பரிந்துரைக்கிறது. ஆகவே இதில் உங்களுக்கும் பங்குண்டு.

நீங்கள் செய்ய வேண்டியவை

• அளவெடுப்பதற்கு முந்தைய 30 நிமிடங்களில் காபி, தேநீர், புகையிலையைத் தவிர்க்கவும்.
• நோயாளி முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, 5 நிமிடங்கள் அமைதியாக அமரட்டும். கை இதய மட்டத்தில் இருக்கட்டும்.
• அளவைத் தேதியுடன் எழுதித் தரக் கேட்கவும். மருத்துவரிடம் செல்லும்போது அக்குறிப்பை எடுத்துச் செல்லவும்.
• 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால், வேறொரு நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மீண்டும் அளந்து உறுதி செய்யவும். 180/110ஐத் தொட்டால் அன்றே மருத்துவரைக் காணவும்.
• மாத்திரையின் பெயரோ நிறமோ மாறியிருந்தால், உட்கொள்ளும் முன் கேட்டுத் தெளியவும்.

நெஞ்சுவலி, வாய் கோணுதல், ஒருபக்கக் கை கால் தளர்வு, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் தன்னார்வலரின் வருகைக்காகக் காத்திராமல் உடனே 108ஐ அழைக்கவும்.

தன்னார்வலர் வருவது தடைபட்டாலோ ஐயம் எழுந்தாலோ, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் தெரிவிக்கவும். 104 எண்ணிலும் ஆலோசனை பெறலாம். நீங்கள் தெரிவிக்கும் குறையை அவர்மீதான புகாராகக் கருதித் தயங்க வேண்டாம். அடுத்த வீட்டில் அவர் எடுக்கும் அளவு சரியாக அமைய அது உதவும்.