வாள்வீச்சுப் படங்களும் மலையக மாணவரும்

வாள்வீச்சுப் படங்கள் மாணவர் அறிவை மழுக்கும் என்பாரும் உளர். யாம் அவ்வாறு கருதோம். கண்டிக்கு அணித்தான நாவலப்பிட்டியில் 1917இல் பிறந்த எம். ஜி. இராமச்சந்திரன், 1958இல் தாமே இயக்கி, இரு வேடம் பூண்டு நடித்த ‘நாடோடி மன்னன்’ படத்தை நோக்குக. மன்னனை ஒத்த உருவமுடைய குடிமகன் ஒருவன், அரியணை ஏறி, ஏழைகள் நலங்கருதிச் சட்டங்கள் இயற்றுகின்றான். வாளின் ஒளி கண்ணைக் கவரும். அச்சட்டங்களோ நெஞ்சில் நிற்கும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரசாவுரிமை இழந்து நின்ற தோட்டத் தமிழர்க்கு, எளியோனும் அரசாளலாம் என்னும் அக்கதை இனித்ததில் வியப்பென்ன? ஆதலின், இத்தகைய படங்களை இகழ்தல் வேண்டா. அவை மூட்டும் நீதி வேட்கையை அணையாது காப்பது ஆசிரியராகிய எம் கடன். திரையில் வாள் பெற்றுத்தந்ததை வாழ்வில் கல்வியே பெற்றுத்தரும் என்பதை மாணவர் மறவாதிருப்பாராக!