சொல்லை மறைத்தால் வடு மறையுமா?

வரலாற்று மூலங்களை மேற்கோள் காட்டுமிடத்து, இன்று இழிவானவையாகவும் வழக்கொழிந்தவையாகவும் கருதப்படும் சொற்களை அவ்வாறே பேணுவதா, அன்றி நாகரிகமான சொற்களால் மாற்றி எழுதுவதா என்னும் வினா ஆய்வுலகில் அடிக்கடி எழுகின்றது. மாற்றியே எழுதுதல் வேண்டும் என்போர் மனிதாபிமானத்தின் பெயரால் வாதிடுகின்றனர். அவர்தம் நோக்கில் ஐயங்கொள்ள வேண்டியதில்லை, வழிதான் தவறானது. மூலத்தின் சொல்லை மாற்றுவோர் ஒடுக்கப்பட்டோரின் மானத்தைக் காப்பதில்லை. ஒடுக்கியோரின் மானத்தையே காக்கின்றனர்.

யாழ்ப்பாணத்துத் தேசவழமை இதற்குத் தக்க சான்றாகும். ஒல்லாந்தர் ஆட்சியில் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்சு 1707இல் இதனைத் தொகுத்தார். பன்னிரு முதலியார்கள் அதனைப் பார்வையிட்டு உடன்பாடு தெரிவித்தனர். பின்னர் பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்டவலு அளித்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என உடைமையை வகுத்துரைக்கும் அத்தொகுப்பு, அடிமைகளைப் பற்றியும் தனியே விதி கூறுகின்றது. நான்கு சமூகத்தவரைப் பெயர் சுட்டி அடிமைகளென உரைக்கின்றது. காணியையும் நகையையும் பற்றிப் பேசும் சட்டமே மனிதரையும் உடைமையாகக் கொண்டது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

இவ்விடத்தில் 'அடிமை' என்பதை நீக்கிப் 'பணியாளர்' என்று எழுதினால் நிகழ்வது யாது? பணியாளன் வேலையை விட்டு நீங்கலாம், அடிமை நீங்கவியலாது. ஒரு சொல்லின் மாற்றத்தால் ஒரு கொடுமை வேலை ஒப்பந்தமாகிவிடுகின்றது. அத்துடன், 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இலங்கையில் அடிமைத்தனத்தை ஒழித்தது ஏன் என்பதும் விளங்காமற் போகும். 'பணியாளர்' மட்டுமே இருந்த நாட்டில் ஒழிப்பதற்கு என்ன இருந்தது என ஒரு மாணவன் வினவினால், திருத்தியெழுதிய ஆசிரியரிடம் விடையிராது.

மலையகத்தின் கதையும் இத்தகையதே. தமிழிற் 'கூலி' என்பது உழைப்புக்குரிய ஊதியம். தோட்டத்துரைமாரின் ஏடுகளிலும் அரசாங்க ஆவணங்களிலும் அது மனிதனின் பெயராயிற்று. உழைத்தவனுக்கு முழுமையாகக் கொடுபடாத ஊதியமே அவனுக்குப் பெயராக நிலைத்தது. அவ்வாவணங்களை எடுத்தாளும்போது அச்சொல்லைத் 'தொழிலாளர்' எனத் திருத்துவது, அன்றைய ஆட்சியாளர் அம்மக்களைத் தொழிலாளராகவே மதித்தனர் என்னும் பொய்யை அவர்கள் வாயில் இடுவதாகும். முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கியவனைச் சிறையிலிட 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இடமளித்தது. அச்சட்டத்தின் மனப்பான்மையை அக்காலத்துச் சொல்லே காட்டிக்கொடுக்கின்றது.

மறுதரப்பின் வலுவான வாதம் ஒன்றுண்டு. அச்சொல்லால் இழிவுசெய்யப்பட்ட குடும்பத்தின் பிள்ளை விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருக்கையில், அதனை உரக்க வாசிப்பது பழைய காயத்தைக் கிளறுவதாகாதா என்பதே அது. ஆம், கிளறும். இதனை மறுப்பவர் சமூகத்தை அறியாதவர். ஆயினும் அம்மாணவனுக்கு வேண்டியது மௌனமன்று. தன் முன்னோருக்கு இழைக்கப்பட்டதற்கான சான்று. சான்று திருத்தப்படின், 'இங்கு அப்படியெல்லாம் சாதிக்கொடுமை இருந்ததில்லை' என்று கூறுவோருக்கே அது துணைபோகும். கே. டானியல் 1972இல் தம் நாவலுக்குப் 'பஞ்சமர்' என்றே பெயரிட்டார். ஒடுக்குமுறையைத் தாமே அனுபவித்த எழுத்தாளர் அச்சொல்லைக் குற்றப்பத்திரிகையாக மாற்றினார். இழிசொல் எதுவும் அச்சேறலாகாது என விதிப்பவர் அவருடைய நூலின் அட்டையையும் கிழித்தல் வேண்டும்.

எனினும், பேணல் என்னும் போர்வைக்குள் ஒளிந்துகொள்வோரையும் விட்டுவிடலாகாது. மூலத்தில் உள்ளது எனக் கூறிக்கொண்டு, தம் சொந்த வாக்கியங்களிலும் அதே சாதிப்பெயர்களைச் சுவைத்து எழுதுவோர் உளர். இது சான்று பேணலன்று. சாதிச் செருக்கைப் பேணலே. மேற்கோட்குறிக்குள் ஆவணம் பேசுகின்றது. அதற்கு வெளியே ஆய்வாளன் பேசுகின்றான். இவ்விரு குரல்களும் கலத்தலாகாது.

ஆகவே நெறி தெளிவானது. மேற்கோளுள் மூலச்சொல் எழுத்துப் பிசகாமல் நிற்றல் வேண்டும். புள்ளியிட்டு மறைத்தலும் கூடாது. அதனை யார், எக்காலத்தில், எவ்வதிகாரத்தோடு கூறினர் என்பது உடன் உரைக்கப்படல் வேண்டும். ஆய்வாளனின் சொந்த நடையில் அம்மக்கள் தமக்கெனக் கொண்ட பெயரே வருதல் வேண்டும். வாதத்துக்குத் தேவையற்ற இடத்தில் இழிசொல் அடங்கிய மேற்கோளே வேண்டியதில்லை. விரிவுரையாளர் அதனை வாசிக்குமுன் அதன் வரலாற்றை எடுத்துரைத்தல் வேண்டும்.

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் நிறைவேறியும், 1968இல் மாவிட்டபுரம் ஆலய வாசலில் மக்கள் போராட வேண்டியிருந்தது. சட்டப்புத்தகத்தின் சொற்கள் மாறியும் வாசல் திறக்கவில்லை. ஏட்டிலுள்ள சொல்லைத் திருத்துவோர் தம் கையைத் தாமே கழுவிக்கொள்கின்றனர். திருத்தப்பட வேண்டியது வாசலே. ஏடு சாட்சியாக இருக்கட்டும்.