வாங்கத் தெரியாத செயலிகள்

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மழைக்காலத்தில் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கைகளில் பதுளை மாவட்டத்தின் பசறை, ஹாலிஎல, லுணுகலை, ஹல்துமுல்லை ஆகிய பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயர்கள் அடிக்கடி இடம்பெறுகின்றன. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 ஆனால் ஆயத்தம், 150 ஆனால் வெளியேற்றம் என்பது அந்த நிறுவனத்தின் அளவுகோல். எச்சரிக்கையின் நிறம் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறும் இரவில், தோட்டத்து லயன் வீட்டில் இருக்கும் ஒருவர் அந்த எச்சரிக்கைப் பக்கத்தைக் குரோம் உலாவியில் வாசிக்கிறார், மூன்று புள்ளிகளைத் தொட்டு ‘பகிர்’ என்பதை அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்ஸ்அப், பேஸ்புக், குறுஞ்செய்தி, புளூடூத் எல்லாம் வரிசையில் நிற்கும். தோட்டத்து மக்களுக்கென்றே தமிழில் செய்து அவர் கைத்தொலைபேசியில் ஏற்றிக் கொடுத்த செயலி மட்டும் அங்கே இராது. அதைச் செய்தவர்கள் தங்கள் பக்கங்களை வெளியே அனுப்ப அழகான பகிர்வுப் பொத்தான் வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து வருவதை வாங்கிக்கொள்ள வழி வைத்திருக்கமாட்டார்கள். சிறிய குழுக்களின் செயலிகளுக்கு இந்த வாங்கும் வழி முதல் நாள் வேலையாக இருக்கவேண்டும் என்பதே நம் வாதம்.

செலவைக் காரணம் காட்ட முடியாது. அன்ட்ரொயிட்டில் இந்த வசதி 2008இன் முதல் பதிப்பிலேயே உண்டு. மேனிஃபெஸ்ட் கோப்பில் ஒரு இன்டென்ட் ஃபில்டர், அதில் ‘சென்ட்’ என்ற செயல், ‘டிஃபோல்ட்’ என்ற வகை, ‘டெக்ஸ்ட் பிளெயின்’ என்ற உள்ளடக்க வகை: இவ்வளவே. 2021இல் வந்த அன்ட்ரொயிட் 12 முதல், பகிர்வை வாங்கும் திரை வெளியாருக்குத் திறந்ததா இல்லையா என்பதையும் வெளிப்படையாக எழுதவேண்டும். ஐபோனில் வேலை கொஞ்சம் கூடுதல். 2014இல் ஐஓஎஸ் 8 உடன் வந்த பகிர்வு நீட்சியைத் தனியாகக் கட்டவேண்டும். இணைய முகவரி ஒன்றை மட்டும் ஏற்பதாக விதி எழுதவேண்டும். எல்லாவற்றையும் ஏற்பதாக எழுதி அனுப்பினால் அப்பிள் திருப்பி அனுப்பிவிடும். செயலிக் கடையில் போடாமல் இணையச் செயலியாகச் செய்தவர்களுக்கும் 2018 கடைசியில் வந்த குரோம் 71 முதல் அன்ட்ரொயிட்டில் வழி உண்டு. சஃபாரியில் அது இன்னும் இல்லை. இணையச் செயலி செய்வோர் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்றையும் சொல்லவேண்டும். முகவரிக்கென்று தனிப் புலம் எழுதியிருந்தாலும் அன்ட்ரொயிட் அதை வெறுமையாகவே விடும். முகவரி உரைப் புலத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். இரண்டையும் பார்த்து எடுக்காத செயலி, வந்ததை வாங்கியும் தொலைத்ததாகவே ஆகும்.

“வட்ஸ்அப் இருக்கிறதே, எல்லோரும் அதில்தானே அனுப்புகிறார்கள்” என்பது முதல் மறுப்பு. அனுப்புகிறார்கள்தான், ஆனால் எப்படி அனுப்புகிறார்கள் என்று பார்க்கவேண்டும். தமிழ் எழுத்துள்ள முகவரி உலாவியிலிருந்து வெளியே வரும்போது பெரும்பாலும் குறியாக்கப்பட்டே வருகிறது. ‘பசறை’ என்ற சொல்லுக்கு யுனிகோடில் நான்கு குறியீடுகள். ஒவ்வொன்றும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்தெண்களுமாக விரியும். ஊர்ப் பெயர் ஒன்று மட்டுமே 36 எழுத்து நீளம். ஒரு செய்தித் தலைப்பே முகவரியில் இருந்தால் திரை முழுதும் குறிகளாகிவிடும். அதைப் பார்த்துப் பயந்தவர்கள் திரையைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். அந்தப் படத்தில் திகதி வெட்டுப்பட்டுப் போகும். எந்தப் பிரிவுக்கு, எத்தனை மணி வரை என்ற வரியும் போகும். போன வருட எச்சரிக்கை இந்த வருட மழையில் மறுபடி சுற்றுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. முகவரியை நேராக வாங்கும் செயலியோ அந்தப் பக்கத்தைத் திறந்து திகதியை மேலே காட்டலாம், காலாவதியானதைச் சிவப்பில் குறிக்கலாம், பக்கம் சிங்களத்தில் இருந்தால் அதன் தமிழ் வடிவத்தைத் தேடிக் கொடுக்கலாம். வட்ஸ்அப் இந்த வேலைகளைச் செய்யாது. அது அதற்காகச் செய்யப்பட்டதும் அல்ல.

முகவரியை நகலெடுத்து வந்து ஒட்டட்டும் என்போரும் உண்டு. நினைவகம் குறைந்த பழைய கைத்தொலைபேசியில் உலாவியை விட்டு இன்னொரு செயலிக்குப் போய்த் திரும்புவதற்குள் பக்கம் மறுபடி ஏறத் தொடங்கும், டேட்டாவும் மறுபடி போகும். மலைச்சரிவில் சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் அது ஏறாமலே போகவும் கூடும். ஆகவே வாங்கும் திரை, வந்ததை முதலில் கைத்தொலைபேசியிலேயே சேமித்து, ‘சேமித்தாயிற்று’ என்று சொல்லி, உடனே வாசகரை உலாவிக்கே திருப்பி அனுப்பவேண்டும். பக்கத்தைத் தேடிப் பிடிக்கும் வேலை சிக்னல் கிடைக்கும்போது நடக்கட்டும்.

பாதுகாப்புப் பற்றிய மறுப்பு இவற்றைவிடக் கனமானது, அதை நாம் முழுதாக ஏற்கிறோம். வெளியாருக்குத் திறந்த திரைக்கு எந்தச் செயலியும் எதையும் அனுப்பலாம். வந்த உரையை நம்பி உள்ளேயே இணையப் பக்கமாகத் திறப்பது வீட்டுக் கதவைத் திறந்துபோட்டு உறங்குவதற்குச் சமம். முகவரி ‘எச்டிடிபி’ அல்லது ‘எச்டிடிபிஎஸ்’ என்று தொடங்கவில்லையென்றால் மறுத்துவிடுங்கள். பயனர் தாமே அழுத்தும் வரை எதையும் சேவையகத்துக்கு அனுப்பாதீர்கள். ஒருவர் என்ன வாசித்தார் என்பது அவருடைய சொந்த விடயம். படம், காணொளி, ஆவணம் என்று எல்லா வகைகளையும் கேட்டுப் பட்டியலை நிறைக்கும் ஆசையும் வேண்டாம். கூப்பிடாத இடத்திலெல்லாம் வந்து நிற்கும் செயலியை மக்கள் அழித்துவிடுவார்கள். பட்டியலில் காட்டும் பெயர் செயலியின் பெயராகவே இருக்கவேண்டும் என்பதும் இல்லை. ‘எச்சரிக்கையைச் சேமி’ என்று செய்யும் வேலையையே அங்கே எழுதலாம். நீளமான பெயர் பாதியில் வெட்டுப்படும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

செயலியால் ஆகாததையும் சொல்லவேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அங்கே குறையாயிருந்தது செயலி அல்ல, பாதுகாப்பான காணியும் வீடும்தான்; எந்தப் பகிர்வுப் பட்டியலும் அவற்றைக் கொடுத்துவிடாது. இதை மறைத்துத் தொழில்நுட்பத்தைப் புகழ நமக்கு மனமில்லை. ஆனாலும் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் பதுளை மாவட்டம் மறுபடி அடிபட்ட பிறகு, சரியான திகதியோடு சரியான அறிவித்தல் பக்கத்து லயனுக்குப் போய்ச் சேருவது சிறிய காரியம் என்று யாரும் சொல்லமுடியாது. காணி கொடுப்பது நம் கையில் இல்லை. பகிர்வை வாங்கும் அந்தச் சில வரிகளை எழுதுவது நம் கையில் இருக்கிறது.

ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கணினி படிப்பவர்களிடமும், கொழும்பிலும் சென்னையிலும் இருந்து மலையகத்துக்காகச் செயலி செய்பவர்களிடமும் நாம் கேட்பது இதுதான். அடுத்த பதிப்பை வெளியிடும் முன், வீட்டில் கிடக்கும் பழைய அன்ட்ரொயிட் ஒன்றை எடுங்கள். டேட்டாவைக் குறைந்த வேகத்தில் வையுங்கள். குரோமில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பகிர்வை அழுத்தி, உங்கள் செயலி வரிசையில் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது, வந்த முகவரியை முழுதாக வாங்குகிறதா என்று பாருங்கள். ஒக்டோபர் மழைக்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.